நீலத் தாளின் ஒன்பதாவது வரி

கல்லூரிச் சேர்க்கை நாட்களில் கேட்டைத் தாண்டி உள்ளே வருகிறவர்கள் முதலில் என்னிடம்தான் வருவார்கள். அலுவலகத்துக்குப் போகும் வழியில், சைக்கிள் ஷெட்டை ஒட்டி ஒரு சிமெண்ட் பெஞ்ச் இருக்கிறது. நான் அதில் உட்கார்ந்திருப்பேன். கேட்டைத் திறப்பது, மூடுவது, வகுப்பு வகுப்பாகச் சுற்றறிக்கை கொண்டுபோவது, தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்துவது, இவைதான் என் வேலை. படிவம் நிரப்பிக் கொடுப்பது என் வேலை இல்லை. ஆனால் உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர்களிடம் கேட்க வருகிறவர்களுக்குத் தயக்கம். என் சட்டையையும் செருப்பையும் பார்த்தால் அந்தத் தயக்கம் போய்விடும் போலிருக்கிறது.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. தமிழ் எழுத்துக்கூட்டாமல் வாசிப்பேன். கல்லூரி நூலகத்தில் பழைய தினசரிகளைக் கட்டிப்போடுவதும் நான்தான் என்பதால் வாசிக்கும் பழக்கம் விடவில்லை. எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. அதை எழுதவோ படிக்கவோ எனக்குத் தெரியாது. சந்தையில் கன்னடம் பேசுவோம். மூன்று மாநில எல்லை சேரும் இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் இப்படித்தான்.

விண்ணப்பமெல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் போடுகிறார்கள். இருந்தாலும் சேர்க்கை அன்று கையால் நிரப்ப ஒரு நீலத் தாள் கொடுப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு பெஞ்சுக்கு வருவார்கள். தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து வருகிற ஒருவர் ராத்திரி முழுக்க ராகிக் கொல்லையில் யானைக்குக் காவல் இருந்துவிட்டு, டார்ச் லைட்டை இன்னும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பேசும்போதே கண் செருகி நிற்பார். போச்சம்பள்ளிக் கம்பெனியில் வேலை செய்யும் அம்மாக்கள் கழுத்து அட்டையைக் கழற்றாமல் அரை நாள் பர்மிஷனில் வந்திருப்பார்கள். சாமல்பட்டியில் ரயிலும் பிறகு பஸ்ஸும் பிடித்து வருகிறவர்கள் உண்டு. திருநெல்வேலியிலிருந்து வந்து ஓசூரில் தங்கிவிட்டவர்கள் உண்டு. போன வருடம் கிரானைட் பட்டறையில் கல் அறுக்கும் ஒடிசாக்காரர் ஒருவர் மகளோடு வந்தார். அந்தப் பெண் நீலத் தாளைத் தமிழில் கடகடவென்று வாசித்து, அப்பாவுக்கு அவர்கள் மொழியில் சொன்னாள். நான் உதவ ஒன்றும் மிச்சமில்லை.

தாளில் எட்டாவது வரி தாய்மொழி. ஒன்பதாவது வரி மொழிப்பாடம், தமிழா தெலுங்கா என்று ஒன்றில் குறி போட வேண்டும். பத்தாவது வரி தந்தையின் தொழில். பத்தாவது வரியில் எல்லோரும் 'கூலி' என்றுதான் போடுவார்கள். நிலம் உள்ளவர், இல்லாதவர், கம்பெனியில் நிரந்தரமானவர், யாராக இருந்தாலும் கூலிதான். டிராக்டரிலேயே வந்திறங்கிய ஒருவரைப் பார்த்து நான் பேனாவைத் தூக்கிக்கொண்டு யோசித்தேன்.

"என்னாப்பா பாக்கற? டிராக்டரு ஓட்றதும் கூலிதான். போடு" என்றார்.

எட்டாவது வரியையும் ஒன்பதாவது வரியையும் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும். "இதுல என்னாண்ணா போட்றது?" என்று கேட்டால், நான் இரண்டுக்கும் ஒரே பதில் சொல்லி வந்தேன். "தமிழ்னு போடுங்க." அவர்கள் அதுவரை என்னிடம் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தாலும் அதையேதான் சொன்னேன்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பையனுக்கு, "வீட்டுல தெலுங்குதானே, தெலுங்கே எடுத்துக்க" என்று சொல்லிவிட்டேன். முதல் பரீட்சையில் அவன் தெலுங்கில் தேறவில்லை. அவன் அப்பா தக்காளி வண்டியைக் கேட்டுக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

"யாருய்யா அந்த வாட்ச்மேனு? அஞ்சாங் கிளாஸ் படிச்ச ஆளு எம் புள்ளைக்கு பாடம் எடுத்துக் குடுக்கறானா? பிரின்சிபாலு நீயா, அவரா?"

மாடி வராந்தா முழுக்கப் பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். எனக்கு எப்போதுமே கூட்டத்தில் பேச வாய் வராது. அவர் போன பிறகும் நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் தமிழ்தான். தமிழென்று போட்டதற்காக யாரும் வண்டியோடு உள்ளே வரவில்லை.

போன வருடம் என் மகளும் இதே கல்லூரியில் வணிகவியலில் சேர்ந்தாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்தான். அவளுடைய நீலத் தாளை நானே நிரப்பினேன். எட்டிலும் ஒன்பதிலும் தமிழ் என்று போட்டேன். அவளைக் கேட்கக்கூட இல்லை.

கல்லூரியில் தெலுங்கு நடத்த ஒரே ஒரு மேடம் இருந்தார். கௌரவ விரிவுரையாளர். பதினொரு வருடமாக வருடா வருடம் புதுப்பிக்கிற வேலை. பாகலூரைத் தாண்டி ஒரு ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். பழைய கட்டடத்தில் கடைசி அறைதான் அவர் வகுப்பு. அங்கே மின்விசிறி ஓடினால் சத்தத்தில் பாடம் கேட்காது, நிறுத்தினால் வேர்த்துக் கொட்டும். என்னோடு தெலுங்கில் பேசுவார். பஸ் வந்ததா, மழை பெய்ததா, தக்காளி என்ன விலை போகிறது என்று இரண்டு நிமிடம் பேசுவோம். கல்லூரியில் நான் தடுமாறாமல் பேசியது அவரிடம் மட்டும்தான்.

வகுப்புகள் தொடங்கி மூன்று வாரம் இருக்கும். அலுவலகத்தில் எல்லாத் தாள்களையும் பார்க்கிற சூப்பரெண்ட் சார் என்னைக் கூப்பிட்டார். தெற்கத்திக்காரர், ஊரை விட்டு வந்து இருபது வருடமாகியும் பேச்சு மாறவில்லை. மேசை மேல் ஒரு கடிதம் இருந்தது. மேலிடத்திலிருந்து மாணவர் விவரம் கேட்டிருந்தார்கள். எந்த ஊர், எந்த மொழி, குடும்பத்தில் முதல் பட்டதாரியா, அப்பா என்ன செய்கிறார் என்று. அதோடு ஒரு வரி, முதல் வருடத்தில் பத்துப் பேருக்குக் குறைவாக எடுத்த மொழிப்பாடம் இனி நடக்காது, அதற்கான விரிவுரையாளரும் தொடர மாட்டார்.

"தெலுங்கு எத்தன பேரு தெரியுமா? ஏழு" என்றார். "அந்தம்மா பாவம். வெள்ளிக்கெழமைக்குள்ள மொழி மாத்திக்கிடலாம். நீ ஒரு வேல செய்யி. வகுப்பு வகுப்பாப் போயி, வீட்டுல என்ன பேசுதாங்கன்னு கையெண்ணிட்டு வா. பொறவு பாப்போம்."

வணிகவியல் முதல் வருடத்துக்குப் போனபோது வகுப்பில் இருந்த சார், "அண்ணன் கேக்கறதுக்கு பதில் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வருகைப் பதிவேட்டில் குனிந்துகொண்டார். அறுபது பேர் என்னைப் பார்த்தார்கள். மூன்றாவது வரிசையில் என் மகள் இருந்தாள். கல்லூரியில் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. இரண்டு பேருக்கும் அதுதான் வசதி.

"வீட்ல... வந்து... என்ன பேசறீங்கன்னு..."

"சத்தமாண்ணா! மோட்டாரு ஓடுதா, நீங்க பேசறீங்களான்னே தெரியல" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

முன் பெஞ்சில் அந்த ஒடிசாப் பெண் எழுந்து திரும்பி நின்றாள். "வீட்ல என்ன மொழி பேசறீங்கன்னு கேக்கறாரு. ஒவ்வொண்ணா சொல்றேன், கை தூக்குங்க."

"எங்க வீட்ல யாரும் பேசறதே இல்ல. ஆளுக்கொரு போனு."

"எங்க வீட்ல அம்மா தெலுங்கு, அப்பா கன்னடம். சண்டன்னா மட்டும் தமிழு."

"அது எதுக்குடா?"

"பக்கத்து வீட்டுக்குப் புரியணுமில்ல!"

வகுப்பே சிரித்தது. குனிந்திருந்த சாரும் சிரித்தார். அந்தப் பெண் தமிழ் என்றாள், எண்ணினேன். கன்னடம் என்றாள், எண்ணினேன். தெலுங்கு என்றதும் வகுப்பில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கைகள் எழுந்தன. இரண்டு தடவை எண்ணினேன். என் மகள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கையை மட்டும் தூக்கியிருந்தாள்.

"ஒடியா, ஒண்ணு. எழுதிக்கோங்கண்ணா" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் உட்கார்ந்தாள்.

மற்ற வகுப்புகளிலும் அப்படியே இருந்தது. சூப்பரெண்ட் சார் என் தாளையும் நீலத் தாள் கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"கையத் தூக்கச் சொன்னா இம்புட்டுப் பேரு தெலுங்குங்கான். தாள்ல அம்புட்டும் தமிழ்னு போட்டிருக்கான். யாருய்யா இத நெரப்புனது?" பக்கங்களைப் புரட்டினார். நின்றார். "இது ஒன் எழுத்துல்லா?"

"ஆமாங்க சார்."

அவர் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். கட்டை மறுபடி நூலால் கட்டினார். "கையெழுத்துப் போட்டது இந்தத் தாளுதான். இதத்தான் மேல அனுப்பணும். கையத் தூக்குனத அனுப்ப முடியுமா?" என்றார்.

மதியம் சாப்பாட்டு வேளையில் பழைய கட்டடத்துக்குப் போனேன். மேடம் சாப்பிட்டு முடித்து டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். அவரோடு பேசியதெல்லாம் தெலுங்கில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"மேடம், பிள்ளைங்கள தமிழ்னு போடச் சொன்னது நான்தான்."

"எந்தப் பிள்ளைங்கள?"

"எல்லாரையும்."

"எத்தன வருஷமா?"

"நாலஞ்சு வருஷமா."

அவர் டப்பாவின் கிளிப்பை மாட்டினார். அது சரியாக உட்காரவில்லை. எடுத்து மறுபடி மாட்டினார். "ஏண்ணா?" என்றார்.

தக்காளி வண்டிக்காரர் வந்து சத்தம் போட்டதைச் சொன்னேன். அவருக்கு அந்தப் பையன் நினைவிருந்தது.

"அவனா? அவன் ஒரு நாள்கூட வகுப்புக்கு வரலையே. கம்பெனியில ராத்திரி ஷிப்டு. காலையில நேரா இங்க வந்து மரத்தடியில தூங்குவான். தமிழ் எடுத்திருந்தாலும் தேறியிருக்க மாட்டான். நான் எழுத்திலிருந்துதாண்ணா ஆரம்பிக்கறேன். முதல் மூணு மாசம் அ, ஆதான். எழுதத் தெரியாதவங்களுக்காகத்தானே இந்த வகுப்பு."

எனக்கு அது தெரியாது. அந்த அறை வாசலை எத்தனை தடவை தாண்டிப் போயிருப்பேன்! உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் நின்று கேட்டதில்லை.

"எனக்கு வயசு நாப்பத்தாறு" என்றார். "இங்க இல்லன்னா வேற எங்கயும் தெலுங்குக்கு ஆள் எடுக்கறதில்ல. இன்னும் மூணு பேர் வேணும், வெள்ளிக்கிழமைக்குள்ள."

அன்று செவ்வாய். அந்த இரண்டு நாள் நான் பேசிய அளவுக்கு அதற்கு முன்னும் பின்னும் பேசியதில்லை. இடைவேளையில் வராந்தாவில் நிற்பேன். தெலுங்கில் பேசிக்கொண்டு போகிறவர்கள் காதில் விழுந்தால் பின்னாலேயே போவேன்.

"அந்த மேடம் எழுத்திலிருந்து சொல்லித் தர்றாங்களாம்பா."

"விடுண்ணா. கம்பெனியில தெலுங்கு படிச்சியான்னா கேக்கப் போறான்?"

"வீட்ல பேசற பாஷைய எதுக்குண்ணா காலேஜ்ல வேற படிச்சுக்கிட்டு?"

"இன்னாண்ணா, மேடம் கமிஷன் தர்றாங்களா?"

அலுத்துப்போய்த் தொட்டி மேட்டில் உட்கார்ந்திருப்பேன். மணி அடித்ததும் மறுபடி எழுந்து போவேன். புதன்கிழமை ஒருவன் சரி என்றான். வியாழக்கிழமை மாலை, பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண், "எங்கம்மா கேட்டா சந்தோஷப்படும்ண்ணா" என்று சொல்லி, கேட் தூண் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினாள். ஒன்பது ஆயிற்று.

மேடம் அன்று கேட்டைத் தாண்டும்போது, "ஒன்பதாண்ணா?" என்றார். "ஒன்பதுங்க" என்றேன். என் மகள் முதல் வருடத்தில் இருப்பது அவருக்குத் தெரியும். சேர்ந்த அன்று அவள் தலையைத் தொட்டு நன்றாகப் படிக்கச் சொன்னவர் அவர். ஆனால் அவளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. குடையை விரித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனார். அன்று மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மகள் கண்ணாடி முன்னால் நின்று பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். நான் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏன் நைனா, காலேஜ்ல எல்லாரையும் கேட்டுட்ட. என்ன மட்டும் கேக்கல?"

"உன்ன எதுக்கு..."

"ஒண்ணு கொறையுதாமே. பசங்க சொல்றாங்க. வீட்லயே ஆள வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடறாருன்னு கிண்டல் பண்றாங்க."

அவள் பின்னலை முடித்து ரப்பர் பேண்டைப் போட்டாள்.

"எனக்கு அதுல ஒரு எழுத்துகூடத் தெரியாது நைனா. தமிழ்னா நான் படிக்காமயே பாஸ் பண்ணிடுவேன். தெலுங்குல அரியர் விழுந்தா யாரு என்ன பண்ணுவாங்க? எனக்குப் பயமா இருக்குது." கண்ணாடியிலேயே என்னைப் பார்த்தாள். "ஆனா நீ மாத்திக்கன்னு சொன்னா மாத்திக்கறேன். நீ சொல்லணும். அப்பறம் தவறிட்டா, நான் கேட்டேன், நீதான் சொன்னன்னு இருக்கணும்."

தட்டில் களி ஆறிக்கொண்டிருந்தது. மேடத்தின் டிபன் டப்பா கிளிப் நினைவுக்கு வந்தது. தக்காளி வண்டிக்காரரும் நினைவுக்கு வந்தார். இந்தத் தடவை தவறினால் வண்டியில் ஏறி வந்து கத்த வேண்டிய அப்பனும் நான்தான், கேட்டில் நிற்க வேண்டியவனும் நான்தான். தூணில் வைத்துக் கையெழுத்துப் போட்ட பெண்ணின் அம்மாவைப்போல எனக்குச் சந்தோஷம் வரும் என்று தோன்றவில்லை.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன்.

அவள் பையை எடுத்துக்கொண்டாள். பஸ்ஸில் அவள் முன்னால் நின்றாள், நான் பின் படிக்கட்டில் நின்றேன். வழியில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கூட்டத்தில் யாரோ என்னை மறைத்துக்கொண்டு நின்றார்கள். நானும் தலையை நீட்டவில்லை.

சூப்பரெண்ட் சார் பட்டியலைப் பதினொரு மணிக்கே முடித்துவிட்டார். ஆனால் அனுப்பவில்லை. "பன்னெண்டு வரைக்கும் பாப்போம். எவனாச்சும் வருவான்" என்றார். நான் அலுவலக வாசலில் நின்றேன். யாரும் வரவில்லை. பன்னிரண்டு அடித்ததும் அவர் பட்டியலை நீட்டினார். முதல்வர் கையெழுத்துக்கு அதைக் கொண்டுபோனது நான். திரும்பக் கொண்டுவந்து கம்ப்யூட்டர் அறையில் கொடுத்ததும் நான்தான். மாவட்டவாரியாக, மொழிவாரியாக, தொழில்வாரியாகக் கட்டம் கட்டி அழகாக அடித்திருந்தார்கள். அந்தப் பட்டியலின்படி எங்கள் கல்லூரியில் ஏறத்தாழ எல்லோரும் தமிழ் பேசும் கூலிக்காரர்களின் பிள்ளைகள். டிராக்டர்காரரின் மகனும் அதில்தான் இருந்தான். என் மகளும் அதில்தான் இருந்தாள். ஒடிசாப் பெண் மட்டும் 'பிற' என்ற கட்டத்தில் தனியாக இருந்தாள்.

வராந்தாவில் மேடம் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார்.

"பரவாலேதண்ணா" என்றார். பரவாயில்லை என்பதற்கு எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்வோம்.

மகளைப் பற்றி அவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொல்லவில்லை. மாதக் கடைசியில் அலமாரிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்பது பேரையும் தமிழ் வகுப்புக்கு மாற்றினார்கள். அவர்களில் நான் பேசிச் சேர்த்த பையன் கேட்டில் நின்று, "ஏண்ணா, ஒரே வாரத்துல ரெண்டு தடவ மாத்திட்டீங்க. அடுத்த வாரம் இன்னா, ஹிந்தியா?" என்று கேட்டான். அவனோடு வந்தவர்கள் சிரித்தார்கள்.

மேடம் இப்போது பாகலூர்ப் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில் ஆட்களுக்கு வருகைப் பதிவு போடுகிறாராம். வெளிநாட்டுக்குப் பூ அனுப்பும் பண்ணை. நேரில் பார்த்து நாளாயிற்று. அவர் வழக்கமாக வரும் பஸ் நேரத்துக்கு என் கண் தானாகச் சாலைக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. மகள் தமிழில் தேறிவிட்டாள். ஆங்கிலத்தில் அரியர் விழுந்தது. பழைய கட்டடத்தின் கடைசி அறையில் உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருக்கிறோம்.

இந்த வருடச் சேர்க்கைக்கும் நீலத் தாள்தான் வந்தது. ஒன்பதாவது வரியில் குறி போட ஒன்றும் இல்லை, தமிழ் என்று அச்சிலேயே வந்துவிட்டது. எட்டாவது வரி அப்படியே இருக்கிறது.

முதல் நாள் ஒரு அம்மா கம்பெனி அட்டையோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் நின்ற மகளிடம் தெலுங்கில் ஏதோ அதட்டிவிட்டு, என்னிடம் தாளை நீட்டினார்.

"இதுல என்னாண்ணா போட்றது?"

"வீட்ல என்னம்மா பேசுவீங்க?"

"தெலுங்குதான். ஆனா தமிழ்னே போட்டுடுங்கண்ணா. எல்லாரும் அதான் போட்றாங்களாம்."

"இருக்கறதே போடலாம்."

"வம்பு ஏதும் வராதே?"

"வராதும்மா."

தெலுங்கு என்று எழுதினேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"இங்க தெலுங்கு சொல்லித் தராங்களாண்ணா? இவளுக்கு எங்கம்மா லெட்டர படிக்கத் தெரியல."

"இருந்துச்சும்மா. இப்ப இல்ல."

"ஓ" என்றார். அவருக்குப் பின்னால் நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். வெயில் பெஞ்சுக்கு வந்துவிட்டது. நான் பத்தாவது வரிக்குப் போனேன்.

"அப்பா என்ன செய்யறாரு?"

"கூலின்னு போட்டுக்கோங்க" என்றார்.

போட்டேன்.